அன்னார் எழுதிக் கொடுத்த சுயசரிதை

அருப்புக்கோட்டை வட்டாரத்தில் அன்னார் கையால் நாலு வரி எழுதப்படாமல் ஒருவர் பரலோகம் போனால், அங்கே வாசலில் இருப்பவர்கள் அவரை உள்ளே விடுவார்களா என்பது சந்தேகம்தான்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. ஆதார் அட்டையில் தேடினால் கிடைக்கும். ஊருக்கு அவர் அன்னார். பஸ் ஸ்டாண்ட் பக்கம் நான் பிளெக்ஸ் கடை வைத்திருந்த பத்துப் பன்னிரண்டு வருடமும் கண்ணீர் அஞ்சலி வாசகம் எழுதித் தந்தவர் அவர்தான். 'அன்னாரின் பிரிவால் வாடும்', 'அன்னாரின் இறுதி ஊர்வலம்' என்று நாள் முழுக்க எழுதியதில் அந்தச் சொல் அவர் நாக்கிலேயே குடியேறிவிட்டது. டீக்கடையில் பக்கத்தில் நிற்பவரைக் காட்டி, "அன்னாருக்கும் ஒரு டீ போடுப்பா" என்பார். பக்கத்தில் நின்றவர் டீயைக் குடிக்காமலே இடத்தைக் காலி செய்துவிடுவார்.

தொழிலில் அவர் படு சுத்தம். எங்காவது சாவு என்று தெரிந்தால், மொபெட்டை எடுத்துக்கொண்டு நேரே அந்த வீட்டுக்குப் போவார். பந்தலில் ஓரமாக உட்கார்ந்து, கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் குறிப்பு எடுப்பார். சாப்பாட்டில் என்ன பிரியம், யாரோடு சண்டை, கடைசியாகப் பேசிய வார்த்தை என்ன, எல்லாம் வேண்டும். மனைவியிடம் கேட்பார், பங்காளியிடம் கேட்பார், ஆகாத ஆளிடமும் கேட்பார். இத்தனையும் விசாரித்துவிட்டு வந்து கடையில், 'பண்பாளர், பாசமிகு தந்தை, ஏழைகளின் தோழன்' என்று எழுதுவார்.

"ஏண்ணே, இதை எழுதவா ரெண்டு மணி நேரம் விசாரிச்சீக?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பிளெக்ஸுல எடம் எங்கப்பா இருக்கு? நாலு வரிக்கு மேல போனா போட்டோ சின்னதாயிருதுன்னு சண்டைக்கு வாராக. கேட்டதெல்லாம் என்கிட்டயே கெடக்கு" என்றார். வீட்டில் மூன்று சாக்கு நிறைய காலண்டர் தாள்கள் வைத்திருந்தார். அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

உயிரோடு இருப்பவர்களைப் பற்றி எழுத வைத்தால் அவருக்குக் கை வராது. ஒரு கல்யாண பேனருக்கு, 'மணமக்கள் நம்மை விட்டுப் பிரிந்து இல்லறத்தில் அடியெடுத்து வைக்கும்' என்று எழுதிவிட்டார். பாளையம்பட்டியில் ஒரு கட்சிக்காரரின் பிறந்தநாளுக்கு, 'என்றும் எங்கள் நெஞ்சில் வாழும்' என்று போட்டு, படத்துக்குக் கீழே தோற்றம் என்று தேதி கொடுத்து, மறைவு என்று எழுதி எதிரே இடம் விட்டிருந்தார். அது விளக்கம் சொல்லித் தப்பிக்கக்கூடிய பேனர் இல்லை. கட்சிக்காரரின் ஆட்கள் வந்தபோது, நானும் அன்னாரும் பக்கத்து மெடிக்கல் கடையின் பின்பக்கம் அரைநாள் உட்கார்ந்திருந்தோம்.

இப்படிப்பட்டவரைத்தான் நான் தனுஷ்கோடி முதலாளியிடம் சிபாரிசு செய்தேன். அதற்கு இன்றுவரை எனக்கு மன்னிப்பும் நன்றியும் மாறி மாறிக் கிடைத்துக்கொண்டிருக்கின்றன.

தனுஷ்கோடி முதலாளிக்குக் கொத்தமல்லி, மிளகாய் வத்தல் கமிஷன் கடை. நாலு வருடத்துக்கு முன்னால் அவருக்கு அறுபது வந்தது. விருதுநகரில் ஒரு பெரிய வியாபாரி தன் அறுபதாம் கல்யாணத்துக்குச் சுயசரிதை போட்டு, தாம்பூலப் பையில் தேங்காயோடு சேர்த்துக் கொடுத்திருந்தார். அதைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து முதலாளிக்குச் சோறு இறங்கவில்லை.

"தம்பி, அவன் வாழ்க்கையில என்ன இருக்கு? அவுக அப்பா கடையில போயி உக்காந்தான். நான் ஒத்தச் சாக்கு மல்லிய தலையில சொமந்தவன். எனக்கு ஒரு புத்தகம் வேணும். ஆனா எனக்கு எழுத நேரமில்ல. எழுதுற ஆளு யாராச்சும் இருந்தாச் சொல்லு. பேரு என் பேருதான் இருக்கணும்."

"நம்ம அன்னாரு இருக்காகளே முதலாளி."

"அவன் எழவு வீட்டுக்குல்ல எழுதுவான்?"

"அதுவும் வாழ்க்கை வரலாறுதான முதலாளி. கொஞ்சம் சுருக்கமா இருக்கும், அவ்வளவுதான்."

இந்தப் பேச்சு நடந்தபோது முதலாளியின் மனைவி சண்முகத்தாய் அம்மா எங்களுக்கு மோர் கொண்டுவந்தார். டம்ளரை வைத்த சத்தத்திலேயே அவர் கோபம் தெரிந்தது.

"புத்தகத்துக்கு ஆள் தேடுறாக. நாத்தனார் முடிச்சுப் போட ஆளு யாருன்னு தேடுனாகளா? மதினி வராம எனக்கு எதுக்குத் தம்பி அறுபதாங்கல்யாணம்? வேற யாரு போட்டாலும் நான் கழுத்த நீட்ட மாட்டேன்" என்று என்னிடம் சொல்வதுபோல் அவரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

விஷயம் இதுதான். முதலாளிக்கு உடன்பிறந்தவர் என்று இருப்பது ஒரே ஓர் அக்கா, வேலம்மாள். திருச்சுழிப் பக்கம் ஒரு கிராமத்தில் விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டில் வாழ்க்கைப்பட்டவர். அதற்கும் பதினோரு வருடத்துக்கு முன்னால் அவர் மகன் கல்யாணப் பத்திரிகையில், தாய்மாமனான தனுஷ்கோடியின் பெயரை, மாப்பிள்ளை வீட்டுப் பங்காளிகளுக்கெல்லாம் கீழே ஏழாவதாகப் போட்டுவிட்டார்கள். தாய்மாமன் பெயர் ஏழாவதா என்று இவர் கல்யாணத்துக்கே போகவில்லை. சீர்வரிசையைத் தட்டில் அடுக்கி வைத்துவிட்டுக் கடையைத் திறந்து உட்கார்ந்துகொண்டார். அங்கே முகூர்த்தம் தாண்டும்வரை வேலம்மாள் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். அன்றிலிருந்து அக்கா தம்பிக்குள் பேச்சு இல்லை. இப்போது இவர் வீட்டு விசேஷம். முதலில் போய்க் கூப்பிட வேண்டியவர் இவர். போனால் கௌரவம் போய்விடும், போகாவிட்டால் மனைவி கழுத்தை நீட்ட மாட்டார். முதலாளி இரண்டும் இல்லாமல், புத்தகம் போட்டார்.

மறுநாள் அன்னார் வந்தார். முதலாளி குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு தயாராக இருந்தார். "நான் பிறந்தது ஒரு பஞ்ச காலத்துல..." என்று தொடங்கி ஒத்திகை பார்த்திருந்ததாகச் சண்முகத்தாய் அம்மா பின்னால் சொன்னார்.

அன்னார் அவரை மேலும் கீழும் பார்த்தார். "நேராப் பார்த்த மாதிரி போட்டோ ஒண்ணு இருந்தாக் குடுங்க முதலாளி. சிரிக்காம இருக்கணும்" என்றார். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். "சரி, வாரேன்" என்று கிளம்பிவிட்டார்.

முதலாளி என்னைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டார். நான் அன்னாரைப் பிடித்துக் கேட்டேன்.

"முதலாளிகிட்ட ஒரு வார்த்தைகூடக் கேக்காம வந்துட்டீகளாமே?"

அன்னார் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "அவுககிட்டயா? சம்பந்தப்பட்ட ஆள்கிட்ட கேட்டு எழுதுறது என்ன பழக்கம்ப்பா? முப்பது வருஷத்துல ஒரு வீட்டுலகூட அவுககிட்ட நான் கேட்டதில்லையே. அவுக பாட்டுக்குக் கெடக்கட்டும்."

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவர் எழுதிய ஆட்கள் யாரும் வாய் திறக்கும் நிலையில் இருந்ததில்லை. எழுதியதைப் படித்துவிட்டுச் சண்டைக்கு வந்ததும் இல்லை.

அடுத்த ஒரு மாதம் அன்னார் காலண்டரும் மொபெட்டுமாக அலைந்தார். மல்லிக்கடை லோடுமேன்களைப் பார்த்தார். முதலாளிக்கு முடி வெட்டுபவரைப் பார்த்தார். குமாரலிங்கபுரத்தில் மல்லி போடும் சம்சாரிகளைப் பார்த்தார். சண்முகத்தாய் அம்மாவிடம் ஒரு மணி நேரம் போதும் என்று போனவர் மூன்று நாள் இருந்தார். நாலாம் நாள் அவராகவே, "போதும் தாயி" என்று கும்பிட்டுவிட்டு வந்தார்.

மல்லாங்கிணற்றில்தான் வினை பிடித்தது. அன்னார் ஓர் ஆளைப் பற்றி விசாரிக்கிறார் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பஸ் ஸ்டாப் கடையில் உட்கார்ந்து, "தனுஷ்கோடி முதலாளி எப்படிப்பட்ட மனுஷன்?" என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் உடனே எழுந்து நின்று தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறார். அன்று மதியம் டவுன் பஸ்ஸில் இருந்து பன்னிரண்டு பேர், ஆளுயர ரோஜா மாலையோடு மல்லிக்கடை வாசலில் இறங்கினார்கள். உள்ளே முதலாளி தராசுப் பக்கம் நின்று மல்லி நிறுத்துக்கொண்டிருந்தார்.

"ஏலே, யாருக்குலே மாலை?" என்றார்.

வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் மூத்தவர் ஒருவர், "உங்களுக்குத்தான் முதலாளி. அறுபதாங்கல்யாணம்னு சொன்னாக" என்று சமாளித்தார்.

"அது அடுத்த மாசம்லய்யா?"

"ஒரு முன்னெச்சரிக்கையா வந்தோம்."

முதலாளி மாலையைப் போட்டுக்கொண்டு அவர்களுக்குக் கலர் வாங்கிக் கொடுத்து அனுப்பினார். பிறகு விஷயம் தெரிந்து அன்னாரைக் கூப்பிட்டு எகிறினார். "எங்க வேணாலும் போ. திருச்சுழிப் பக்கம் மட்டும் போன, காலை ஒடிச்சுருவேன்."

"சரி முதலாளி. இனிமே போகல" என்றார் அன்னார். அந்தப் பதிலை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

புத்தகம் சிவகாசியில் அச்சானது. அட்டை மட்டும் என் வேலை. அன்னார் அட்டைப் படத்தைச் சுற்றிக் கருப்பு பார்டர் போடச் சொல்லியிருந்தார். நான் அதை நீலமாக்கி, புத்தகத்தைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்து நிம்மதியாகத் தூங்கினேன். உள்ளே என்ன இருக்கிறது என்று நான் படிக்கவில்லை. முதலாளியும் படிக்கவில்லை. "என் வாழ்க்கை எனக்குத் தெரியாதா? நானே எதுக்குப் படிக்கணும்?" என்றுவிட்டார். அட்டையில் தன் பெயர் பெரிதாக இருக்கிறதா என்று மட்டும் ஸ்கேல் வைத்துப் பார்த்தார்.

விசேஷ நாள் வந்தது. நாத்தனார் முடிச்சுக்கு முதலாளி தன் சித்தப்பா மகள் ஒருத்தியை மதுரையில் இருந்து வரவழைத்திருந்தார். சண்முகத்தாய் அம்மா மணவறையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாரே தவிர, முகம் வேறு பக்கம் இருந்தது. ஊரெல்லாம் தாம்பூலப் பையைப் போகும்போது கொடுப்பார்கள். முதலாளி, வரும்போதே சந்தனம் கற்கண்டோடு புத்தகத்தையும் கொடுக்கச் சொல்லியிருந்தார். எல்லோரும் படித்துவிட்டு மேடைக்கு வந்து வாழ்த்த வேண்டும் என்று அவருக்கு ஆசை.

எல்லோரும் படித்தார்கள். பொங்கல் பந்தியில் வலது கை சாப்பிட, இடது கை பக்கம் புரட்டியது. மண்டபமே தலையைக் குனிந்து தோள் குலுங்க உட்கார்ந்திருந்ததை முதலாளி மேடையில் இருந்து பார்த்தார். "பாத்தீகளா, என் கஷ்டத்தப் படிச்சுட்டு அழுகுறாக" என்று புரோகிதரிடம் சொன்னாராம்.

எனக்குப் பக்கத்தில் இருந்தவர் படித்துக் காட்டினார். 'மல்லி நிறுக்கும்போது தட்டில் என் சுண்டுவிரல் இருக்கும் என்பது என்னைப் பற்றி நெடுங்காலமாக நிலவிவரும் நம்பிக்கை. அதை நான் மறுத்ததில்லை.' அடுத்த பக்கத்தில், 'என் தலைமுடியின் கருமை மாதம் இருமுறை புதுப்பிக்கப்பட்டு வந்தது.' அதற்கடுத்து, 'நான் உறங்கினால் தெருநாய்கள் எழுந்து இடம் மாறும். என் துணைவியார் முப்பத்தைந்து ஆண்டுகள் இதைத் தாங்கிய தியாகச் சுடர்.' எல்லாம் அன்னாரின் அஞ்சலித் தமிழ். நாலு வரிக்குள் முப்பது வருடம் அடைபட்டுக் கிடந்தவருக்கு இருநூறு பக்கம் கிடைத்தால் என்ன ஆகும் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அன்னாரைத் தேடினேன். ஆளைக் காணோம்.

அதற்குள் நூல் அறிமுகம் செய்ய வந்த ரிட்டயர்டு தமிழாசிரியர் மைக்கைப் பிடித்துவிட்டார். அவருக்கும் புத்தகம் காலையில்தான் கிடைத்திருந்தது. எந்தப் புத்தகத்துக்கும் கடைசி அத்தியாயம்தான் உயிர் என்று சொல்லி, அதைத் திறந்து கணீரென்று படித்தார். சுயசரிதையை எப்படி முடிப்பது என்று அன்னாருக்கு ஒரு வழிதான் தெரியும். அத்தியாயத்தின் பெயர், 'நான் இயற்கை எய்திய அன்று'.

ஆசிரியருக்கு நிறுத்தவும் தெரியவில்லை.

'நான் காலமான செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் என் அக்கா வேலம்மாளுக்குக் கிட்டியது. என்னைப் பற்றி விசாரிக்கக் காலண்டர் தாளோடு ஒருவர் வாசலில் நிற்பதைக் கண்டதுமே அவர் புரிந்துகொண்டார். முற்றத்தில் விழுந்து புரண்டார். "ஏலே தனுசு, பள்ளிக்கூடத்துல அடி வாங்குனா என் பாவாடையிலதான மூக்கைச் சிந்துவ? பேரை ஏழாவதாப் போட்டா நீ ஏழாவது தம்பியாடா ஆயிருவ? எனக்கு இருந்ததே நீ ஒருத்தன்தானடா" என்று கதறினார். அரை மணி நேரம் கழிந்தபின், நான் உயிரோடு கடையில் மல்லி நிறுத்துக்கொண்டிருக்கும் செய்தி அவருக்குத் தெரிவிக்கப்பட்டது. அவர் அழுகையை நிறுத்தி விளக்குமாற்றை எடுத்தார். தான் அழுததைத் தம்பியிடம் சொல்லக்கூடாது என்று விசாரிக்க வந்த அன்பருக்குக் கட்டளையிட்டார். இவ்வாறு என் வாழ்வு நிறைவுற்றது.'

முதலாளி மணவறையில் அப்படியே உட்கார்ந்திருந்தார். தலையில் அடித்த சாயம் வேர்வையில் கரைந்து நெற்றியில் ஒரு கோடு இறங்கியது. துடைக்கக்கூட இல்லை. பிறகு எழுந்தார்.

"முகூர்த்தம் எத்தனை மணி வரைக்கும் சாமி?"

"பத்தரை வரைக்கும் இருக்கு" என்றார் புரோகிதர்.

"வண்டிய எடுங்கலே!"

சண்முகத்தாய் அம்மா அன்றைக்கு முதல்முறையாக அவர் பக்கம் திரும்பினார். "போயிட்டு வாங்க. மதினி இல்லாம வந்தீக, தாலிய உங்க கழுத்துலயே கட்டிக்கங்க."

விசேஷத்துக்கு வந்தவர்களின் வண்டிகள் முதலாளியின் கார்களை மறித்து நின்றன. தெருவோரம் தனியாக நின்றது கடையின் லோடு வண்டிதான். முன்னால் ஓட்டுபவரும் நானும், நடுவில் கழுத்து நிறைய மாலையோடு முதலாளியும். வழியில் ஏற்கெனவே பாதிச் சனம் அவர் போய்விட்டதாகக் கேள்விப்பட்டு, பிறகு இல்லை என்று தெளிந்திருந்தது. இப்போது மாலையும் கழுத்துமாக லோடு வண்டியில் போவதைப் பார்த்துவிட்டு, இரண்டு இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள். முதலாளி அவர்களுக்கும் பதில் கும்பிடு போட்டார்.

வேலம்மாள் அக்கா மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். அரக்குப் பட்டுச்சேலை கட்டியிருந்தார். தலையில் பூ இருந்தது. பட்டுச்சேலையோடு மாட்டுக்குத் தவிடு வைப்பவரை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். உள்ளே அவர் கணவர் சலவை வேட்டியில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். எப்போதிலிருந்து அப்படி உட்கார்ந்திருந்தாரோ.

முதலாளி முற்றத்தில் போய் நின்றார். அக்காதான் பேசினார்.

"உசுரோடதான் இருக்கியா?"

"இருக்கேன்க்கா."

"பத்திரிகை கொண்டாந்தியா?"

"இல்லக்கா. நானே வந்துட்டேன்."

"அதுல என் பேரை எத்தனாவதாப் போட்ருக்க?"

முதலாளி தரையைப் பார்த்தார். "போடவே இல்லக்கா."

அக்கா கிட்டே வந்தார். முந்தானையை எடுத்து, தம்பியின் நெற்றியில் வழிந்த கருப்பை அழுத்தித் துடைத்தார். "அப்ப சரிக்குச் சரியாப் போச்சு. நில்லு, கையக் கழுவிட்டு வாரேன்" என்றார். ஓட்டுநர் வண்டியைத் துடைப்பதுபோல் அந்தப் பக்கம் போய்விட்டார்.

பத்து இருபதுக்கு மண்டபத்துக்குள் நுழைந்தோம். அக்கா போட்ட நாத்தனார் முடிச்சு அவ்வளவு இறுக்கம். சண்முகத்தாய் அம்மா அழுததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

எல்லாம் முடிந்து அன்னாரைத் தேடினால், கடைசிப் பந்தியில் மூலையில் உட்கார்ந்து ரசம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஓடுவதாக இருந்தாலும் சாப்பிட்டுவிட்டு ஓடலாம் என்ற முடிவில் இருந்ததாகப் பிறகு சொன்னார். முதலாளியும் அக்காவும் எதிரே வந்து நின்றதும் இலையோடு எழுந்துவிட்டார்.

"சொல்லக்கூடாதுன்னு உன்கிட்டச் சொன்னேன்ல?" என்றார் அக்கா.

"நான் ஒரு வார்த்தை சொல்லல தாயி. எழுதத்தான் செஞ்சேன்."

அக்கா பரிமாறுபவரிடமிருந்து வாளியை வாங்கி, அன்னாரின் ரசத்துக்கு மேலேயே பாயாசத்தை ஊற்றினார். அன்னார் அதையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

சுண்டுவிரல் சமாச்சாரத்துக்காக முதலாளி இரண்டு மாதம் அவரோடு பேசவில்லை. தராசில் இப்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார். போன வருடம் புத்தகத்தை மறுபடி அச்சடித்தபோது, கடைசி அத்தியாயத்தை எடுத்துவிடலாமா என்று நான் கேட்டேன். "மத்தத எல்லாம் எடுத்தாலும் அத எடுக்காதலே. அதுலதான் அக்கா பேசுது" என்றார்.

யாராவது புத்தகம் எழுத ஆள் வேண்டும் என்று கேட்டால், அன்னாரிடம் மட்டும் போகாதீர்கள் என்றுதான் இன்றும் சொல்கிறேன். அவர் உங்களிடம் கேட்க மாட்டார். உங்களைப் பெற்றவர்களிடமும் கட்டியவர்களிடமும் கேட்பார், நீங்கள் பேசாமல் விட்டவர்களிடம் கட்டாயம் கேட்பார். என்னைவிட அவர் பன்னிரண்டு வயது மூத்தவர், இரண்டு தடவை நெஞ்சுவலி வேறு வந்துவிட்டது. ஆனாலும் என்னைப் பற்றி எழுதுவதற்கு அவர்தான் இருக்க வேண்டும் என்று சாமி கும்பிடும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன்.